புதன்கிழமைக் காதுகள்

செய்தி பிற்பகலில் வந்தது. பல்கலைக்கழக அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. ஈப்போவிலிருந்து தையல் வகுப்புப் பொன்னி பேசினாள்.

"மிஸி, சவரி அக்கா போயிட்டாங்க."

"எங்கே?" என்று கேட்டேன்.

அப்படித்தான் கேட்டேன். அவர் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தவர். பட்டன் வாங்க. நூல் வாங்க. மாவட்ட அலுவலகத்தில் யாரையாவது அதட்ட.  பொன்னிக்குப் பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் எதுவும் இல்லை. அது புதன்கிழமை. தையல் வகுப்பு நாள். அப்போது புரிந்தது.

ஈப்போ புந்தோங்கில் நம் சங்கக் கட்டடத்துக்கு வந்துபோன உங்களுக்குச் சவரியம்மாளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் குரலே போதும். அவர் ரகசியம் சொன்னால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார் என்பீர்கள். ஆனால் ஒரு சம்பவம் உங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது. அதில் தவறு செய்தவள் நான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இடமில்லை. முன் கூடத்தில் சவரி அக்காவின் தையல் வகுப்பு, பன்னிரண்டு மிதி இயந்திரங்கள். பக்கத்து அறையில் பாலர் பள்ளி. மேலே தகரக் கூரை. பின்னால் இருந்த சாமான் அறையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதனும் வியாழனும், பிள்ளைகளின் காதுகளைச் சோதிக்க நாங்கள் வந்தோம். நாங்கள் என்றால் நான், ஒலி எழுப்பும் ஒரு பெட்டி, பெட்டியோடு இணைந்த காதுபோன். எங்களுக்குப் பொறுப்பாளர் டாக்டர் லிம். அவர் எப்போதாவதுதான் வருவார்.

நான் நர்ஸ் இல்லை. பட்டம் பெற்று ஆறு மாதம் ஆன உதவியாளர். அதைச் சவரி அக்காவிடம் சொன்னேன்.

"வெள்ள கோட்டு போட்டா மிஸிதான். கோட்டக் கழட்டிட்டு வா, அப்புறம் உன் பேரக் கேக்குறேன்."

நான் கழற்றவில்லை. அவர் கேட்கவுமில்லை.

சோதனை எளிது. காதுபோனில் ஓர் ஒலி வரும். கேட்டால் பிள்ளை ஒரு கட்டையைத் தட்டில் போட வேண்டும். பல்கலைக்கழகம் வண்ணம் பூசிய மரக்கட்டைகளைக் கொடுத்திருந்தது. அழகானவை. ஒரு பிள்ளையும் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். என் விளக்கங்கள் பயனில்லை. மறுநாள் சவரி அக்கா ஒரு பை நிறைய ரப்பர் விதைகளும் ஒரு காலிப் பால் டின்னும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அடுத்தவன் சாமானத் தொட்டா அடின்னு சொல்லி வளத்த புள்ளைங்க. இதத் தொட்டா யாரும் ஏசமாட்டாங்க."

அன்றே விதைகள் விழத் தொடங்கின. ணக். ணக்.

புவனா பொன்னியின் அண்ணன் மகள். ஆறு வயது. ஊர் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதிகம் பேசாத பிள்ளை. தலைமையாசிரியர் காதைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். அத்தை தையல் வகுப்புக்கு வரும் புதன்கிழமையன்றே பிள்ளையை அழைத்து வந்தாள். பின்னறையில் பிள்ளை. பலகைச் சுவருக்கு அப்பால், தன் இயந்திரத்தில் அத்தை.

கட்டைச் சுருதியில் தாழ்ந்த ஒலிகள் வந்தபோது விதை விழவில்லை. ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அப்புறம்தான் விழுந்தது. இரண்டு காதும் அப்படியே.

"கூப்பிட்டாத் திரும்புறாளே, மிஸி" என்றாள் பொன்னி.

நான் தாளைக் காட்டினேன். தாழ்ந்த ஒலிகளுக்கான இடப்பக்கத்தில் கோடு சரிந்திருந்தது. தாள் பொய் சொல்லாது என்று நம்பிய வயது அது. பினாங்கில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு எழுதினோம். விடுதியில் இடம் கிடைத்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பிள்ளைக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவார்களா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். புதிய பள்ளித் தவணை தொடங்க நான்கு வாரம் இருந்தது.

அந்த வாரம் டாக்டர் லிம் ஓர் அறிக்கை கேட்டிருந்தார். தாள்களைப் பரப்ப என் அறையில் இடமில்லை. சவரி அக்காவின் துணி வெட்டும் மேசைதான் கட்டடத்திலேயே நீளமானது. அதில் பரப்பினேன்.

"உன் காகிதத்த எடு, மிஸி. துணி வெட்டணும்."

"ஐந்து நிமிஷம், அக்கா."

அவர் கத்தரிக்கோலோடு நின்றார். படிக்கத் தெரியாதவர். ஆனால் வடிவம் பார்த்தே பிழைத்தவர். குனிந்தார். ஒரு தாளை எடுத்தார். இன்னொன்றை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டையின் இரண்டு பாதிகளைச் சரிபார்ப்பது போல.

"இது யாரு?"

"புவனா."

"இது?"

"வேறு ஒரு பையன்."

"எல்லாத்துக்கும் எடது தோள் எறங்கியிருக்கு. ஒரே அளவுல." பத்துத் தாள்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். "பத்துப் புள்ளைக்கு ஒரே காதா? ஒரே சட்டையே பத்துப் புள்ளைக்குப் பத்தாதே லா. எந்த நாளு எழுதினது இதெல்லாம்?"

தேதிகளைப் படித்தேன். அவர் சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைப் புரட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் விரல் வைத்தார். பிறகு தையல் சாக்கட்டியால், ஒவ்வொரு தாளின் மூலையிலும் நீலக் கோடு ஒன்று இழுத்தார்.

"பூரா புதன்கிழமை. வியாழக்கிழமை தையல் இல்ல, அந்தப் புள்ளைங்களுக்கு நல்லாக் கேக்குது. புதன்கிழமைப் புள்ளைங்க மட்டும் செவிடு." பன்னிரண்டு இயந்திரங்களையும் பார்த்தார். "புள்ளைங்க காதுல ஒண்ணும் இல்ல, மிஸி. அது எங்க காலு."

மிதியின் தாழ்ந்த இரைச்சல். அது தாழ்ந்த ஒலிகளை மூடியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்தது. தேர்வில் எழுதியது. நான் அழத் தொடங்கினேன்.

"அழுவாத. அதுவும் ஒரு சத்தம்" என்றார் சவரி அக்கா. "பினாங்குக்கு எழுது."

எழுதினேன். டாக்டர் லிம்முக்கும் எழுதினேன். புவனாவை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இந்தக் கட்டடம் சோதனைக்கு ஏற்றதல்ல, நகருக்கு வெளியே ஓர் அரசாங்கக் கட்டடத்தில் அமைதியான அறை இருக்கிறது, சோதனைப் பிரிவை அங்கே மாற்றிவிடலாம், பிள்ளையைப் பிறகு அங்கே பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு எப்போது என்று சொல்லவில்லை. பினாங்குப் பள்ளியோ தவணை தொடங்கும் நாளுக்கு மேல் இடத்தை வைத்திருக்காது. அதற்குள் சோதிக்காவிட்டால் புவனா விடுதிக்குப் போக வேண்டும். அல்லது தாளில் செவிடு என்ற எழுத்தோடு தோட்டத்திலேயே கிடக்க வேண்டும்.

சங்கத் தலைவர் வேறு வழி சொன்னார். புதன்கிழமைத் தையலை நிறுத்திவிடலாம். பல்கலைக்கழகம் பெரிய பெயர், போக விடக்கூடாது என்றார்.

சவரி அக்கா இருவர் பேச்சையும் கேட்டார்.

"தையல நிறுத்துனா பொம்பளைங்க வரமாட்டாங்க. அவங்க வரலன்னா புள்ளைய யாரு கூட்டிட்டு வருவா? மிஸிய அங்க அனுப்புனா ரெண்டு பஸ் மாறி எவ போவா? ரெண்டும் இங்கதான் இருக்கும்."

"எப்படிம்மா இருக்கும்?" என்றார் தலைவர். "சத்தமும் சத்தமில்லாததும் ஒரே எடத்துலயா?"

"ஒரே எடத்துலதான். ஒரே நேரத்துல இல்ல."

மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு சிறிய சிவப்பு பல்பு கொண்டுவந்தார். கிறிஸ்தவ வீடுகளில் திருஇருதயப் படத்துக்கு முன் எரியுமே, அது. பின்னறையிலிருந்து ஒரு கம்பி இழுத்து முன் கூடத்தில் மாட்டினோம். என் கையில் சுவிட்ச். விளக்கு எரிந்தால் பன்னிரண்டு பேரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அணைந்தால் தைக்கலாம்.

"சாமிக்கு விளக்கு வேண்டாமா, அக்கா?"

"நாலு நாளைக்கு இருட்டுல இருப்பாரு. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

பெண்கள் இலவம்பஞ்சு அடைத்து மெத்தைகள் தைத்தார்கள். பலகைச் சுவர் முழுக்க ஆணியடித்தோம். கையிலிருந்த மிச்சத் துணிகள்தாம். பூப்போட்டது, கோடு போட்டது, பள்ளிச் சீருடை நீலம். என் அறை கல்யாண வீடு போல் ஆனது.

தவணை தொடங்கும் முன், நாங்கள் அழைத்ததால், டாக்டர் லிம் ஒரு புதன்கிழமை காலை வந்தார். ஒலியை அளக்கும் கருவியை என் மேசையில் வைத்தார். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மாலையே பெட்டியைக் கட்ட வேண்டும். மலைகளுக்கு மேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை விழுந்தால் எந்த விளக்கும் உதவாது. பாலர் பள்ளிப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பியாயிற்று. புவனா காதுபோனோடு உட்கார்ந்திருந்தாள். கையில் விதை. அவள் அப்பா கதவுக்கு வெளியே, சட்டைப் பையைப் பிடித்தபடி. பள்ளிக் கடிதம் அதில் இருந்தது.

சுவிட்சைப் போட்டேன்.

பன்னிரண்டு இயந்திரங்களும் நின்றன. முள் இறங்கியது. கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றுவிட்டது. டாக்டர் லிம் என்னைப் பார்த்தார்.

முன் கூடத்தில் சவரி அக்கா அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி. சுவரில் கை நீட்டி நிறுத்தினார். இறக்கைகள் மெல்ல நின்றன. முள் கோட்டுக்குக் கீழே போனது.

அப்போது தெருமுனையில் ரொட்டி விற்க வரும் பாயின் மோட்டார் சைக்கிள் ஹார்ன். சவரி அக்கா ஓடினார். பொன்னி பிறகு சொன்னாள்: நடுத்தெருவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாராம்.

"யாரும் செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாராம் பாய்.

"இல்ல, பாய். ஒரு புள்ளைக்குக் காது வரப்போவுது. தள்ளிட்டுப் போங்க."

பாய் மோட்டாரை நிறுத்திவிட்டு, கட்டடம் தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம்.

மிகத் தாழ்ந்த ஒலியிலிருந்து தொடங்கினேன்.

ணக்.

ஒலியைக் குறைத்தேன். ணக். இன்னும் குறைத்தேன். பிள்ளை கண்களை மூடிக்கொண்டாள். ணக். அந்தக் கட்டடத்தில் வேறு சத்தமே இல்லை. மடியில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு பெண்கள். விதை டின்னில் விழுவது எல்லோருக்கும் கேட்டது. சுவரின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவிலிருந்து திரும்பிய சவரி அக்கா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பொன்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை விதை விழும்போதும் பொன்னி ஒரு விரலை உயர்த்தினாள்.

கோடு இடமிருந்து வலம்வரை நேராகப் போனது. ஒரு தோளும் இறங்கவில்லை.

டாக்டர் லிம் தாளை நெடுநேரம் பார்த்தார். "பாகுஸ்" என்றார். நன்று. சவரி அக்கா தம் மலாயில், நன்று போதாது, இங்கேயே வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டார். தெருவுக்கே கேட்டிருக்கும். வருவோம் என்றார் டாக்டர். புதனும் வியாழனும். புவனாவின் அப்பா கடிதத்தை எடுத்து நான்காய்க் கிழித்தார். பிறகு, கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

விளக்கை அணைத்தேன். பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் முழங்கின. தைக்கத் துணிகூட வைக்காமல் சும்மா மிதித்தார்கள். சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். அப்புறம் மழை வந்தது. வரட்டும்.

விரல் உயர்த்தியது ஏன் என்று பொன்னியைக் கேட்டேன்.

"அக்காவுக்கு வெத விழுறது கேக்காதே, மிஸி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தோட்டத்து ரப்பர் ஆலையில், உருளை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறியவர். அந்த உரத்த குரலை நாங்கள் எல்லோரும் அதிகாரம் என்று நினைத்தோம். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவரின் குரல் அது. கட்டடத்தின் மௌனத்தை உண்டாக்கியவருக்கு, அந்த மௌனத்தில் விழுந்ததைக் கேட்க முடியவில்லை. மற்றவர்கள் முகத்தில் பார்த்துக்கொண்டார்.

அவரைச் சோதிக்க நான் ஒரு வருடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கோடு வலப்பக்கம், உச்ச ஒலிகளில், செங்குத்தாக விழுந்தது. தாளைப் பார்த்து அவர் சிரித்தார். "எனக்கு வலது தோளு. நான் புதன்கிழமை இல்ல."

மற்ற ஒன்பது பிள்ளைகளையும் திரும்ப அழைத்தோம். எட்டுப் பேருக்குக் குறை இல்லை. ஒரு பையனுக்கு உண்மையிலேயே இருந்தது. அந்தக் காலத்துக் காதுக் கருவி தீப்பெட்டியைவிடப் பெரியது. நெஞ்சில் கட்ட வேண்டும். வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது; அவன் மாட்ட மறுத்தான். சவரி அக்கா அவன் சட்டைக்குள் ஒரு பை தைத்தார். அதே துணியில் தம் ரவிக்கைக்கும் ஒன்று தைத்து, அதுவரை வேண்டாம் என்று சொல்லிவந்த கருவியை மாட்டிக்கொண்டு அவன் முன் போய் நின்றார். "இப்ப யாரு அழகு, சொல்லு லா." அதன் பிறகு அவன் கழற்றவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடுவார் என்பது பொன்னிக்கு மட்டும் தெரியும்.

அடக்கத்துக்குப் போனேன். வீட்டில் திருஇருதயப் படத்துக்கு முன் மஞ்சள் பல்பு எரிந்தது. நாலு நாளைக்கென்று எடுத்துப் போன சிவப்பு பல்பை அவர் திரும்பக் கொண்டுவரவே இல்லை என்று அவர் மகள் சொன்னாள். புவனாவும் வந்திருந்தாள். இடைநிலைப் பள்ளிச் சீருடையில். இப்போதும் குறைவாகத்தான் பேசுகிறாள்.

என்னிடம் அவருடையதாக ஒரு தாள் இருக்கிறது. புவனாவின் முதல் தாள், தவறானது. மூலையில் நீலச் சாக்கட்டிக் கோடு. தொட்டால் உதிர்கிறது, ஆகவே தொடுவதில்லை. எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும், பக்கத்து அறையில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்கிறேன். சக ஊழியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கேட்கிறேன்.

அடக்கத்துக்கு அடுத்த புதன்கிழமை கட்டடத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு இல்லாமல். முன் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே, இப்போதைய உதவியாளரின் அறையில், ஒரு விதை விழுந்தது. பொன்னியின் விரல் தானாக உயர்ந்தது. பிறகு, பார்க்க யாருமில்லை என்று நினைவு வந்து, அதைக் கீழே இறக்கப் போனாள். என்னைப் பார்த்தாள். இறக்கவில்லை.

விளக்கு அணைந்தது. பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடத் தொடங்கின.