அந்தோணி அண்ணன் மூடிய வரைபடம்

கணினி வேலையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் ஜெயித்த கதைகளை எழுதுவார்கள். என்னிடமும் அப்படி நாலைந்து இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்தால் இதுதான் முதலில் வந்து நிற்கிறது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நான் பெரிய யோக்கியன் போல ஆகிவிடும்.

1. படம் மட்டும் இங்கே

இலங்கையில் யுத்தத்தின் கடைசி வருடங்கள். நான் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மாத்தளையில் படித்து, டவுனில் நசீர் நானாவின் கணினிக் கடையில் டெக்னீஷியனாக இருந்தேன். குளங்களையும் கால்வாய்களையும் திருத்தும் ஆலோசனை நிறுவனம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். மாத்தளையில் அவர்களுக்கு ஓர் அலுவலகம். பெரிய சர்வர் கொழும்பில் இருந்தது. வரைபட புரோகிராம் அந்த சர்வரில் மட்டும்தான் ஓடும்.

மாத்தளையில் இருக்கும் சாதாரணக் கணினியில் அந்த வரைபடம் தெரிய வேண்டும். அதுதான் எனக்குத் தந்த வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். புரோகிராம் கொழும்பில் ஓடும். அது வரையும் படம் மட்டும் லீஸ்ட் லைன் என்ற வாடகைக் கம்பி இணைப்பில் வந்து நம் திரையில் விழும். சமையல் அங்கே, சாப்பாடு இங்கே. அதற்கு இங்கே எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளைப் போட வேண்டும். எந்தக் கணினியின் திரையில் வரைய வேண்டும் என்று கொழும்புப் பக்கத்தில் டிஸ்ப்ளே இலக்கம் எழுத வேண்டும். யார் யார் நம் திரையில் வரையலாம் என்று நம் பக்கத்தில் பட்டியல் போட வேண்டும்.

காலையிலிருந்து மூன்று மணி வரை 'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்ற ஒரே வரிதான் வந்துகொண்டிருந்தது. அலுவலகத் தலைவர் குணரத்ன சேர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "இன்னைக்கு முடியுமா, இல்லாட்டி கண்டியிலிருந்து ஆளைக் கூப்பிடவா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு ரோஷம் வந்தது. பட்டியல் போடும் இடத்தில் 'யார் வேண்டுமானாலும் வரையலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். படம் வந்துவிட்டது.

அந்தக் கணினியில் வேலை செய்தவர் அந்தோணி அண்ணன். ஐம்பது வயதுப் படவரைஞர். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே தமிழர். கால்வாய் ஒன்று திரையில் கோடு கோடாக வரைந்து வருவதைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார்.

"அடேயப்பா! கொழும்பில இருக்கிறத இங்கன கொண்டுவந்துட்டியே தம்பி! உனக்கு இன்னைக்கு நான்தான் ரோல்ஸும் டீயும்."

"ஒரே ஒரு சொல்லு அடிச்சா போதும்ணே. மத்ததெல்லாம் நான் உள்ளுக்குள்ள எழுதி வச்சிட்டேன்" என்றேன்.

உண்மைதான். புரோகிராமைத் தொடங்கும் ஸ்க்ரிப்ட் என்ற கட்டளைக் கோப்பிலேயே அவருடைய கணினியின் இலக்கத்தை நிரந்தரமாக எழுதி வைத்திருந்தேன். கொழும்பு சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில், யாரும் திருத்தக்கூடிய மாதிரி அந்த ஸ்க்ரிப்ட் கிடந்தது. அண்ணன் தன் பாஸ்வேர்டையும் ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார். "வச்சிக்க, பிறகு ஏதும் பார்க்க வேணும்னா உனக்கு லேசு." நானும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரே நாளில் இத்தனை தப்பு. அன்றைக்கு எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

2. தம்புள்ளையில் வராத படம்

மூன்று மாதம் கழித்து அதே நிறுவனம் தம்புள்ளையில், பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தக் காய்கறிச் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தள அலுவலகம் திறந்தது. புதிய லைன் அந்த வாரம்தான் வந்திருந்தது. அங்கிருந்த இளம் இன்ஜினியர் நேரே நசீர் நானாவுக்கு போன் பண்ணினார். நான் போனேன். மாத்தளை அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

தம்புள்ளைக்கான லொக்-இன் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை. நாளைக் காலை ஃபேக்ஸில் வரும் என்றார்கள். ஒரு நாள் சும்மா இருக்க எனக்கு மனமில்லை. அந்தச் சிகரெட் அட்டையை எடுத்து அந்தோணி அண்ணனின் பெயரில் உள்ளே போனேன். டிஸ்ப்ளே இலக்கத்தைத் தம்புள்ளைக்கு மாற்றி, சோதனைக்காக சர்வரில் உள்ள சின்னக் கடிகார புரோகிராமை ஓட்டினேன். திரையில் கடிகாரம் வந்தது. முடிந்தது வேலை என்று நினைத்து வரைபட புரோகிராமைத் தொடங்கினேன்.

படம் வரவில்லை. பிழை என்றும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் புரோகிராம் தானாக முடிந்து கேர்சர் திரும்பி வந்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடி அதேதான். நாலு தடவை செய்தேன். அந்த லைன் மாட்டுவண்டி வேகம். பெரிய குளத்தின் படத்தைத் தாங்க முடியாமல் விழுகிறது என்று முடிவு கட்டினேன். "லைன் வீக் சேர். நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வெங்காய லொறிகளுக்கு நடுவே நடந்து போய் பஸ் ஏறினேன்.

நாவுல சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையை மட்டும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்கள். அது வழக்கம்தான்.

மாத்தளையில் இறங்கிக் கடைக்குப் போனபோது நசீர் நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.

"வெசயம் தெரியுமா? அந்தோணிய பொலிசுல கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

"ஏன் நானா?"

"அவரு கொம்பியூட்டர்ல கொளத்துப் படம் தானா தெறக்குதாம். அணைக்கட்டு, மதகு, போற பாதை எல்லாம். இவரு மூட மூட திரும்பத் திரும்ப வருதாம். நாலு தரம். குணரத்ன சேர் பின்னால நின்னு பார்த்திருக்காரு. கொழும்புக்கு போன் போட்டா, அந்தோணி பேர்ல வேற எங்கிருந்தோ யாரோ உள்ள வந்திருக்காங்கன்னு சொல்றாங்களாம். பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்தன்னு கேட்டா, மனுசன் வாயே தெறக்கல. அல்லாஹ், இந்தக் காலத்துல அணைக்கட்டுப் படம்னா சும்மாவா? குண்டு வைக்கன்னுதான் நெனப்பாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கடிகாரத்துக்கு நான் போட்ட இலக்கம் சரி. வரைபடத்தைத் தொடங்கும் ஸ்க்ரிப்ட் அதைத் தள்ளிவிட்டு, நானே எழுதி வைத்த மாத்தளை இலக்கத்தை எடுத்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று டிக் போட்டவனும் நான்தான். அதைப் போடாதிருந்தால் மாத்தளைக் கணினி படத்தை மறுத்திருக்கும்; என் திரையில் பிழை வந்திருக்கும்; அங்கேயே பிடித்திருப்பேன். தம்புள்ளையில் புரோகிராம் தானாக முடியவும் இல்லை. மாத்தளையில் அந்தோணி அண்ணன் மூடியிருக்கிறார். அவர் மூட மூட நான் திறந்திருக்கிறேன்.

"என்னடா, மொகம் ஒரு மாதிரிப் போவுது?" என்று நானா கேட்டார்.

"ஒன்னுமில்ல நானா, பஸ்ல தலை சுத்திருச்சு" என்றேன்.

3. எட்டரை மணிக்கு

வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருந்தது. தோட்டத்து விலாசம் உள்ள தமிழ் இளைஞன், இன்னொருவர் பாஸ்வேர்டில் அணைக்கட்டுப் படம் திறந்தேன் என்று போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப் போய்த் திரும்பி வராதவர்களையும் தெரியும். இதையெல்லாம் நியாயமாகச் சொல்லவில்லை. பயந்தேன் என்பதைத்தான் சொல்கிறேன். என்னைவிட அதிகம் பயந்திருக்க வேண்டிய மனிதர், என் பெயரைச் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போனேன். தம்புள்ளை லொக்-இன் ஃபேக்ஸில் வந்திருந்தது. எட்டரை மணிக்கு அதில் உள்ளே போய், பொது ஸ்க்ரிப்டில் இருந்த மாத்தளை இலக்கத்தை அழித்தேன். எந்த அலுவலகத்திலிருந்து கேட்கிறார்களோ அந்தத் திரைக்கே படம் போகும்படி ஒரு வரி எழுதினேன். நல்ல வரி. மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி. சிகரெட் அட்டையைக் கிழித்துக் கழிவறையில் போட்டேன்.

ஒன்பது மணிக்கு இன்ஜினியர் வந்து படத்தைத் தொடங்கினார். முழுக்குளமும் அவர் திரையில் பளிச்சென்று வந்தது.

"ஷோக்! நேத்து என்ன பிரச்சினை?"

"லைன்தான் சேர்" என்றேன்.

இனிமேல் மாத்தளைத் திரையில் எதுவும் தானாகத் திறக்காது; ஆகவே அண்ணனையும் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதை நம்பவும் செய்தேன். மனிதன் தனக்குத் தேவையானதை எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறான்!

அண்ணனை ஐந்தாம் நாள்தான் விட்டார்கள். அண்ணன் பெயரில் உள்ளே வந்த கணினியின் இலக்கம் தங்களுடைய தம்புள்ளை லைன்தான் என்று கொழும்புக்காரர்கள் ஒரு வழியாகக் கண்டுபிடித்தார்கள். கோவில் ஃபாதரும் போய்ப் பேசியிருந்தார். தம்புள்ளையில் யாருடைய கை என்று ஒருவரும் தோண்டவில்லை. தோண்டினால் தங்கள் பெயரும் வரும் என்று எல்லோருக்கும் பயம். பாஸ்வேர்டை வெளியே கொடுத்ததற்காக அண்ணனை வரைபட மேசையிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள். குழாயும் சீமெந்துப் பையும் எண்ணுகிற வேலை.

4. அவர் கேட்டது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். முகம் வீங்கி வடிந்த அடையாளம் இருந்தது. நான் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"உள்ள வா தம்பி. அக்கம்பக்கம் பாக்குது."

"நான்தான்ணே."

"தெரியும். உன்னத் தவிர யாருக்குக் குடுத்தேன்?"

"ஏண்ணே என் பேரச் சொல்லல?"

"கைப்புள்ளக்காரன். உன்ன எங்க கொண்டு போவாங்கன்னு தெரியாதா? எனக்குன்னா ஃபாதர் வருவாரு, குணரத்ன சேர் என்ன இருபது வருசமா தெரிஞ்சவரு." பிறகு கேட்டார். "அத நீ எப்பச் சரியாக்கின?"

"மறுநாள் காலையில. எட்டரைக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுநாள் காலையில என்ன ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தாங்க தம்பி. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். 'சேர், என் கைய ரெண்டையும் கட்டிருங்க. கொம்பியூட்டருக்கு முன்னால ஒக்காந்து பார்ப்போம். நான் தொடாமலே படம் தெறக்கும், நீங்களே பார்ப்பீங்க'ன்னு சொன்னேன். ரெண்டு பொலிசு, குணரத்ன சேரு, ஆபீசு சனம் எல்லாம் நின்னாங்க. ஒம்போது மணி, பத்து மணி. ஒன்னும் தெறக்கல. பன்னெண்டு வரைக்கும் அந்த வெத்து ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருந்தேன். பொறவு ஒருத்தன் சிரிச்சான். பொய்க்காரன்னு சொல்லி எல்லாரு முன்னாலயும் அடிச்சான்."

ஒன்பது மணிக்கு அந்தப் படம் தம்புள்ளையில் திறந்தது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால், இன்ஜினியர் தொடங்கிய அந்த நிமிடத்தில் மாத்தளையில், அத்தனை பேர் முன்னால், அண்ணன் சொன்ன மாதிரியே திறந்திருக்கும். அவர் அன்று பகலே வீட்டுக்கு வந்திருப்பார்.

"நான் இப்பவே குணரத்ன சேர்கிட்டப் போய்ச் சொல்லிர்றேன்ணே."

"வேணாம். திரும்பவும் மொதல்லயிருந்து ஆரம்பிப்பாங்க. ஒரே ஒரு ஆளுகிட்டச் சொல்லு." உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, இங்கன வாம்மா. ஆபீசுல அடிச்சத இவ கூடப் படிக்கிற புள்ள ஒன்னு வந்து சொல்லிருச்சு. அப்பா பொய் சொன்னாருன்னு. இவ எங்கிட்ட ஒன்னும் கேக்கல. ஆனா மொகத்தப் பார்த்துப் பேச மாட்டேங்குறா."

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்க்ரிப்ட், இலக்கம், டிக் எல்லாம் விவரித்தேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "அப்பா சொன்னது அத்தனையும் உண்மைம்மா. தெறந்தவன் நான். அது திரும்பத் தெறக்காமப் பண்ணினவனும் நான்" என்று முடித்தேன்.

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நீங்க அஞ்சு நாளா எங்க அங்கிள் இருந்தீங்க?"

கடையில் இருந்தேன். பிரிண்டர் திருத்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தேன். அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

தம்பி தங்கைகளே, திரையை எல்லோருக்கும் திறந்து வைக்காதீர்கள், அடுத்தவர் பாஸ்வேர்டை வாங்காதீர்கள் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். புத்தகத்தில் இல்லாததை நான் சொல்கிறேன். உங்கள் பிழையைத் திருத்துவதற்கு முன்னால், அதற்காக வேறு யாராவது மாட்டிக்கொண்டு நிற்கிறாரா என்று பாருங்கள். நின்றால், பிழையை இருந்தபடியே விட்டுவிட்டு முதலில் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.