அறுபட்ட காப்புக் கயிறு

என் மகளுக்குத் தண்ணீர் பயமில்லை, போட்டிதான் பயம். நீச்சல் பயிற்சியில் எல்லோரையும் முந்துவாள். போட்டி நாளன்று காலையில் வாந்தி எடுப்பாள். அதனால் அவளை முருகன் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, மஞ்சள் தடவிய கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிடுவேன். கட்டியதும் வாந்தி நின்றுவிடும். அவன் கருணை என்றே இருந்தேன். கிளப் போட்டிகளில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

அன்றைக்கு வங்காள மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். முதல் மூன்று பேருக்குத்தான் இடம். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்திருந்தோம். பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நான் கம்பிக்கு இந்தப் பக்கம். பரிசோதிக்க வந்த அம்மாள், கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று கத்தரிக்கோலை எடுத்தார். மகள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கோச் வந்து அந்தக் கையை இழுத்து நீட்டினார். "பௌதி, தண்ணில இறங்கப்போறது உங்க பொண்ணா, கயிறா?" என்று, அண்ணி முறை வைத்து என்னை வங்காளியில் கேட்டார். பெஞ்சே சிரித்தது.

"தாயத்து போச்சு. இனிமே முழுகிடுவா, தூக்க ஆள் வையுங்க" என்றாள் மகளுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

அந்த அம்மாள் கத்தரித்த கயிறு ஈரத்தரையில் விழுந்தது. யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள்.

போட்டி தொடங்கும் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பாய்ந்தார்கள். இவள் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியாகக் குதித்தாள். பிறகு வெறியோடுதான் நீந்தினாள். நாலாவதாக வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே கேட்டாள். "அம்மா, கயித்தை அறுத்ததாலதானே தோத்தேன்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுகை நின்றிருக்கும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்த போட்டியிலும் கத்தரிக்கோல் இருக்குமே.

"இல்லடி. முருகன் கயித்துல இல்ல. நீ பயந்து நின்ன, தோத்த. அவ்வளவுதான்."

"அப்ப எதுக்குக் கட்டுன?"

கையை இழுத்து நீட்டிய கோச்சைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அழவில்லை.

அடுத்த போட்டி அன்றும் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை. நான் நெற்றியில் விபூதி மட்டும் இட்டேன். அது தண்ணீரிலேயே கரைந்துவிடும், யாரும் அறுக்க வேண்டியதில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது, புறங்கையால் அந்த விபூதியையும் அவளே அழுத்தித் துடைத்தாள்.