கரண்ட் போனப்புறம் அவர் சொன்ன மீதிக் கதை

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நூறு பேர் ஒண்ணா சிரிப்பாங்க...

நூறு பேர் நிக்க அங்க இடமே கிடையாது. சைகோன் துறைமுகத்தை ஒட்டின கான் ஹொய்ல எங்க சந்து அவ்வளவு குறுகல். பக்கத்து வீட்டு டிவிப் பெட்டிக்குள்ள இருந்து வர்ற சிரிப்பு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணின்னா மொத்தச் சந்தும் அங்கதான்.

நான் மட்டும் போக மாட்டேன்.

காரைக்கால்ல கல்யாணம் முடிஞ்சு சைகோன் வந்து அப்ப எட்டு மாசம். அவருக்குத் துறைமுகக் கிடங்குல கிளார்க் வேலை. என்னைவிட பதினோரு வயசு மூத்தவர். நல்ல மனுஷர்தான், ஆனா பேசவே மாட்டார். "சாப்பிட்டியா?" "கதவைப் பூட்டிக்கோ." அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஊருக்கு வெளியில சண்டை. வீட்டுக்குள்ள இந்த மௌனம். எது அதிக பயம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

என்னை வந்து கூட்டிட்டுப் போன்னு அண்ணனுக்கு லெட்டர்கூட எழுதிட்டேன். ஸ்டாம்ப் ஒட்டறதுதான் பாக்கி.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரங்க என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. 'சீ ஹாய்'னு கூப்பிடுவோம், மூத்த அக்கான்னு அர்த்தம். "இந்தத் தொடர் ரெண்டு வருஷமா ஓடுது. இந்தச் சந்துல பார்க்காதவ நீ ஒருத்திதான்!"

அமெரிக்கப் பட்டாளத்துக்காக ஓட்டின சேனல். எல்லாம் இங்கிலீஷ். நான் படிச்சதோ பிரெஞ்சு. ஒண்ணும் புரியல.

ஆனா... ஒரு லாண்டரிக் கடைக்காரன். அவன் வீட்ல பெட்டி படுக்கையோட வந்து உக்காந்துட்ட மாமியார். அந்தம்மா முறைச்சா அவன் முழிக்கிற முழி இருக்கே! அதுக்கு பாஷை எதுக்கு? மூணாவது வாரமே நான் வெள்ளிக்கிழமை மத்தியானத்துலயே சமையலை முடிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டேன். அவரும் வேலை விட்டு வந்து, பின்னாடி ஒரு ஸ்டூல்ல உக்காருவார். சிரிக்க மாட்டார்.

ஒரு வாரம் மாமியாரோட கிளி கூண்டுல இருந்து பறந்து போயிடுச்சு. லாண்டரிக்காரன் ஒரு கோழிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சுக் கூண்டுக்குள்ள வைக்கிறான். வாசல்ல மாமியார் வர்ற செருப்புச் சத்தம்... கதவு திறக்குது...

கரண்ட் போயிடுச்சு.

சந்து முழுக்க "ஐயோ!" சீ ஹாய் அரிக்கேன் விளக்கைக் கொண்டு வந்து வெச்சாங்க. யாரும் எழுந்திரிக்கல. பின்னாடி இருந்து ஒரு குரல்... "அப்புறம் என்ன ஆச்சுன்னா..."

அவர்தான்!

ஸ்டூல் மேல ஏறி, தோளைக் குறுக்கி, ரெண்டு கையையும் இறக்கை மாதிரி மடக்கிட்டு நின்னார். கோழி கிளியா நடிக்கணும், ஆனா முட்டை வந்துடுச்சு... மாமியார் "என் கிளி முட்டை போட்டுடுச்சு"ன்னு தெருவுக்கே சாக்லேட் கொடுக்குது... அத்தனையும் வியட்நாம் பாஷையில. ஒவ்வொரு வரிக்கும் என் பக்கம் திரும்பி, தமிழ்ல ஒரு தடவை. எனக்காக மட்டும். சீ ஹாய் சிரிச்சுச் சிரிச்சுத் தரையிலயே உக்காந்துட்டாங்க. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டும் முடியல.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, அந்தக் கதை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? அவனுங்க பேசற இங்கிலீஷ்ல பாதி எனக்கே விளங்காது. நீ மூஞ்சியைத் தொங்கப் போட்ட... அதான்."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார். "எனக்குப் பேச வராது. கேட்டா பதில் சொல்வேன். நீ கேளு."

மறுநாள் காலையில அந்த லெட்டரை அடுப்புல போட்டேன்.

அதுக்கப்புறம் கேட்டேன் பாருங்க... முப்பத்தெட்டு வருஷம்! சைகோனை விட்டுக் கிளம்பி, காரைக்கால்ல முதல்ல இருந்து எல்லாத்தையும் ஆரம்பிச்சு, ரெண்டு பிள்ளைங்களை வளர்த்து... அவர் போற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இப்ப போன்லயே எந்த நாட்டு சீரியலும் வருது. கீழேயே எழுத்து ஓடுது, ஒரு வார்த்தை விடாம புரியுது. கரண்ட் போனாலும் படம் நிக்கறதில்ல. நல்ல வசதிதான், நானும் தினம் பார்க்கறேன்.

ஆனா என் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்ல ஆள் இல்ல.

நன்றின்னு அவர்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. புருஷன்கிட்ட போய் யார் நன்றி சொல்லுவா, வெட்கம்! இன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிக்கறேன்...

ரொம்ப நன்றிங்க.