வீடு சேராத கோலாக் கொட்டை

நேற்று மதியம் வரை என் மேசை இழுப்பறையில், பழைய சைஸ் லேபிள்களுக்கு அடியில், ஒரு கோலாக் கொட்டை கிடந்தது. பாக்கைவிடப் பெரியது. வந்தபோது இளஞ்சிவப்பு; பிறகு காய்ந்து கறுத்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து தடவை இழுப்பறையைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். வேறு வேலை? நல்லூரில் என் பனியன் கம்பெனி நின்று நாலு மாதமாகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் எட்டரைக்கு டிபன் கேரியரோடு கிளம்பி, ஓடாத தையல் மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன்.

கொட்டையைக் கொடுத்தவர் எங்கள் நைஜீரியா பையர், இக்போ இனத்தவர். பத்து வருஷமாக என்னிடம் டீ-ஷர்ட் வாங்கி அவர் ஊர்ச் சந்தையில் விற்றவர். பேரத்தில் ஆளைப் பிழிந்து எடுப்பார். முடிந்ததும் என்னைவிட நன்றாக 'ங்க' போடுவார். அவர் ஊரில் கடை எரிந்துபோனது என்று கேள்விப்பட்டு, இங்கே மண்ணரைப் பகுதியில் அவர் தங்கியிருந்த அறைக்கு ஒரு முற்பகல் விசாரிக்கப் போனேன். கடைசி ஆர்டரும் ரத்தாகி, நான் டெய்லர்களை அனுப்பிவைத்த அதே வாரம்.

கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அறை முழுக்க அவர் ஊர்க்காரர்கள். மனுஷன் நடுவில் உட்கார்ந்து, எரிந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, வந்தவர்களுக்கு நாம் வெற்றிலை பாக்கு வைப்பதுபோல, ஒரு கோலாக் கொட்டையை உள்ளங்கையில் வைத்து, அவர் மொழியில் வேண்டிக்கொண்டு, பிளந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒரே கசப்பு.

"கடை போச்சுங்கண்ணா. ஆளுக இருக்கறாங்க" என்றார்.

கிளம்பும்போது, "ஊட்டுல எல்லாரும் சவுக்கியங்களா?" என்று கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். "ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன். முழுக் கொட்டை ஒன்றை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "ஊட்டுக்குக் கொண்டு போங்க. கொட்டை ஊடு போய்ச் சேந்தா, எங்கிருந்து வந்தேன்னு அதுவே சொல்லும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

அதனால்தான் கொண்டுபோகவில்லை. மண்ணரையில் அந்த நேரத்தில் என்ன வேலை என்பாள் மனைவி. கம்பெனியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பாள். ஒரு நூலை இழுத்தால் பனியனே பிரிந்துவிடும்.

நேற்று அவர் ஊரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். எரிந்த இடத்திலேயே தகரக் கூரை போட்ட கடை. சுற்றிலும் அந்த அறையில் பார்த்த மாதிரியே கூட்டம். எனக்கு வந்தது பொறாமைதான். கீழே ஒரு வரி: கொட்டை ஊட்டுல என்னங்க சொல்லுச்சு?

இழுப்பறையைத் திறந்து கொட்டையை எடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய், திறக்காத டிபன் கேரியருக்குப் பக்கத்தில் கொட்டையை வைத்தேன். மனைவி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"உக்காரு, சொல்றேன்" என்றேன்.