அவளுக்காகப் பொருத்திய குழாய்

தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'சொட்டு'. முகத்துக்கு நேரே 'சொட்டு மேடம்'. காரணம் அவளுடைய மேசை மேலேயே நின்றுகொண்டிருந்தது. அளவுக் கோடுகள் போட்ட ஒல்லியான கண்ணாடிக் குழல். அதிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் குடுவைக்குள் விழும். அதுவரை மஞ்சளாக இருந்த தண்ணீர் ஏதோ ஒரு சொட்டில் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். எந்தச் சொட்டில் திரும்பியது என்று தெரிந்தால் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். ஒரு சொட்டு கூடிப்போனால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அது துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலை. சாயத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை. சுண்ணாம்பும் இரும்புப் பொடியும் போட்டால் அடியில் படிந்துவிடும். உப்பு அப்படிப் போகாது. கண்ணுக்கும் தெரியாது. கண்ணாடி மாதிரி ஓடும் தண்ணீர் வயலைக் கட்டாந்தரை ஆக்கிவிட்டுப் போய்விடும். அதனால் ஆற்றில் விடுவதற்கு முன் மாதாமாதம் பரிசோதித்து, கையெழுத்துப் போட்டு, மாசுத் தடுப்பு அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கையெழுத்து அவளுடையது.

அந்தக் கையெழுத்தின் மேல் அவளுக்குக் கர்வம் உண்டு. மாதிரி பிடிக்கும் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை கழுவாமல் பிடிக்கமாட்டாள். ஒரு சோதனையை மூன்று முறை செய்யாமல் எண்ணை எழுதமாட்டாள். சகுனம், நல்ல நேரம் எதுவும் அவளிடம் நடக்காது; பத்திரிகையில் ராசிபலன் பக்கத்தைக் கிழித்து, ஈரக் குடுவைகளைக் கவிழ்த்து வைக்கத்தான் பயன்படுத்துவாள். "யார் சொன்னா? எப்படித் தெரியும்? நீ பாத்தியா?" இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக் கேட்டே பாதிச் சொந்தக்காரர்களை விரட்டியடித்தவள் என்று நாத்தனார் சொல்வாள். கூடவே குடியிருக்கிற நாத்தனார். "அண்ணி, டீக்குப் பால் ஊத்துறீங்களா, இல்ல பரிசோதனை பண்றீங்களா? சீக்கிரம் குடுங்க, ஆறிப்போகுது."

கணவன் அதே தொழிற்சாலையில் பைப் ஃபிட்டர். அதிகம் பேசாதவன். கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் மட்டும் முகம் மலரும்.

அவர்களுடைய கதையில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அத்தியாயம் உண்டு. தொழிற்சாலைத் தண்ணீர் ஆற்றில் விழும் வாய் பின்பக்கப் பள்ளத்தில் இருந்தது. அங்கே போக நாற்பத்திரண்டு படி இரும்பு ஏணி. பாசி படிந்து வழுக்கும். ஆறு வருஷம் பாட்டிலோடு அதில் ஏறி இறங்கினாள். மகள் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டாள். மறுவாரம் வேலைக்கு வந்தால் ஆய்வகச் சுவரில், வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். மேலே 'வெளியேறும் நீர்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

"கீழே இருந்து லைன் இழுத்துட்டேன். இனிமே நீ ஏணில இறங்க வேண்டாம்" என்றான் கணவன்.

அவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். மற்ற பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. "உங்க வீட்டுக்காரரு வளையல் வாங்கித் தந்தாரு, சரி. எனக்குக் குழாய் போட்டுத் தந்தாரு." அதே மாதம் உப்பு வடிகட்டும் புது இயந்திரம் வந்துவிட்டது என்று மேனேஜர் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். அளவும் சடசடவென்று இறங்கியது. ஆறு பிழைத்துவிட்டது என்று அவள் நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் எண் இருந்தது. மூன்று முறை சரிபார்த்த எண்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

நகரத்தில் புதிதாக மீன் காட்சிசாலை திறந்திருந்தார்கள். தொழிற்சாலை அதற்குப் பெரிய நன்கொடையாளர். ஊழியர் குடும்பங்களுக்கு இலவசச் சீட்டு கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன், மகள், நாத்தனார், அவள் நால்வரும் கிளம்பினார்கள்.

உள்ளே இருட்டு, குளிர், நீல வெளிச்சம். ஜெல்லி மீன்கள் குடை மாதிரி விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. மகள் ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை ஒட்டவைத்துத் தடம் பதித்துக்கொண்டே போனாள். தட்டையான ஒரு மீன் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தது.

"இது நம்ம மேனேஜர் மாதிரியே இல்ல?" என்றாள் நாத்தனார். அவளும் அங்கே ஒரு வருஷம் மடிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். "படுத்த படுக்கையாவே இருக்கும், ஆனா எல்லாத்தையும் பாத்துட்டிருக்கும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "சும்மா இரு" என்றான்.

இடைவழிச் சுவர் முழுக்க வாசகங்கள். பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள். பிளாஸ்டிக் பையை மறுங்கள். பூமி உங்கள் கையில். ஒரு மேசையில் குழந்தைகளுக்கு உறுதிமொழி அட்டை கொடுத்தார்கள். 'நான் தண்ணீரை வீணாக்கமாட்டேன்' என்று மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் ஓர் ஊர் குடிக்கும் தண்ணீரை உறிஞ்சும் தொழிற்சாலையின் முத்திரை அந்த அட்டையின் மூலையில் இருந்தது. உறிஞ்சுகிறவர்களிடம் யாரும் அட்டை நீட்டவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாய் கொப்பளிக்கும் தண்ணீரில்தான் உலகம் அழியப்போகிறது என்பதுபோல் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அன்று அம்மாவுக்கு அது உறைக்கவில்லை. அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

கடைசிக் கூடத்தில் பெரிய தொட்டி. 'மீண்டும் உயிர்பெற்ற நம் ஆறு'. கூழாங்கல், நாணல், வெள்ளி மினுக்கும் சின்ன மீன்கூட்டம். பக்கத்துச் சுவரில் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிய ஒரு காகிதம்.

"அம்மா! உன் கையெழுத்து!"

அவளுடைய அறிக்கைதான். எண்களும் கீழே இரண்டு அடி நீளத்துக்கு அவள் கையெழுத்தும். நாத்தனார் அதன் கீழே அண்ணியை நிறுத்தி போட்டோ எடுத்தாள். "சினிமாக்காரிக்குக்கூட இவ்வளவு பெரிய போஸ்டர் இல்ல அண்ணி! கொஞ்சம் சிரிங்க, தண்ணிக்குத் தெரியாது."

தொட்டிக்குப் பின்னாலிருந்து ஈர ரப்பர் உடையில் ஒரு பெண் வந்தாள். கையில் கண்ணாடி துடைக்கும் கட்டை. தொட்டிகளைப் பராமரிப்பவள். சுவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"அந்தக் கையெழுத்து நீங்களா?"

"நான்தான்."

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அறிக்கையை நம்பி இந்தத் தொட்டிக்கு ஆத்துத் தண்ணியே கொண்டுவந்தோம். உங்க தொழிற்சாலையைத் தாண்டி, ஆத்தோட கீழ்ப்பக்கம் எடுத்தது. மூணு தடவை ஊத்தினோம், மூணு தடவையும் ரெண்டே நாள்ல மீன் பூரா செத்துருச்சு. இப்ப இருக்கிறது லாரித் தண்ணி. மீனும் பண்ணை மீன்."

"தொட்டில ஏதாவது கோளாறு இருக்கும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். அப்புறம் வெளியில குடுத்துச் சோதிச்சேன். நீங்க எழுதினதுக்கு நாலு மடங்கு உப்பு. கோடையில அங்க ஆறுன்னு ஒண்ணு கிடையாதுங்க. உங்க தொழிற்சாலை விடுறதுதான் ஆறு. ஒண்ணு உங்க மெஷின் பழுது, இல்ல…"

சொட்டுவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இல்ல, நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா? பாட்டிலை மூணு தடவை கழுவுறேன். மூணு தடவை சோதிக்கிறேன். பதினாறு வருஷமா ஒரு எண்ணை மாத்தி எழுதினதில்ல."

"தண்ணியை எங்க பிடிக்கிறீங்க?"

"வெளியேறும் லைன்ல. ஆய்வகத்துச் சுவர்லயே குழாய் இருக்கு."

"அந்தக் குழாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"இது என்ன கேள்வி? கீழே இருந்துதான். இதோ, போட்டவரே இருக்காரு." அவள் வெற்றியோடு திரும்பினாள். "ஏங்க, நீங்களே சொல்லுங்க."

கணவன் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்காதவன் அல்ல. அவன் கழுத்து நரம்பு ஒருமுறை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். ஒரு சொட்டில் நிறம் மாறுவதைப் பார்த்தே பழகிய கண்கள்.

"குட்டிக்குப் பசிக்குது, போலாம்" என்றான்.

"எனக்குப் பசிக்கலப்பா" என்றாள் மகள்.

பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சமையலறையில் அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"சொல்லுங்க."

"போர் தண்ணி லைன்ல ஒரு இணைப்புக் குடுத்தேன். மேனேஜர் சொன்னாரு."

"எவ்வளவு கலக்குது?"

"ஒரு பங்கு கழிவு. மூணு பங்கு போர்."

"நாலு மடங்கு" என்றாள் அவள். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. "அந்தப் புது மெஷின்?"

"முதல் ரெண்டு மாசம் ஓடுச்சு. கரண்டு ரொம்ப இழுக்குதுன்னு நிறுத்திட்டாங்க."

"பத்து வருஷம். தினமும் ஒரே பைக்ல என்னைக் கூட்டிட்டுப் போயி, அந்தக் குழாய்கிட்ட இறக்கிவிட்டீங்க."

"நீ ஏணில வழுக்கித் தொங்கிட்டு வந்தப்ப எனக்கு உசுரே இல்ல. குழாய் போடவான்னு மேனேஜர்கிட்ட நான்தான் போய்க் கேட்டேன். போடு, ஆனா இப்படிப் போடுன்னாரு. உனக்காகத்தான்…"

"எனக்காகன்னு சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மாடியில் நடமாட்டம் நின்றது. "ஏணி வழுக்கினா எனக்குக் கால்தான் உடைஞ்சிருக்கும். என் வாயாலயே பொய் சொல்ல வெச்சுட்டீங்களே. நூத்துக்கு மேல அறிக்கை. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து."

"உனக்குத் தெரியாதே. தெரியாம செஞ்சா அது உன் தப்பு இல்லல்ல?"

அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. அவளுடைய நேர்மையைத் தெரிந்தேதான் அவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரிந்தவள் என்றால் என்றைக்காவது விலை பேசுவாள், உளறுவாள். உண்மை பேசுகிறவள் கையில் பொய்யான தண்ணீரைக் கொடுத்துவிட்டால் போதும். மிச்சத்தை அவளே செய்வாள், அதுவும் மூன்று முறை சரிபார்த்து.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். நாற்பத்திரண்டு படிகளும் இறங்கினாள். ஆற்றில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை கழுவிப் பிடித்தாள். பத்து மணிக்கு முதல் எண் வந்தது, பதினொன்றுக்கு மூன்றாவது. லிட்டருக்கு ஏழாயிரத்து நானூறு மில்லிகிராம் உப்பு. போன மாதம் அவள் எழுதி அனுப்பியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தத் தண்ணிம்மா இது?"

"ஆத்துக்குப் போற தண்ணி சார்."

"குழாய்ல பிடிக்கிறதுதானே வழக்கம்?"

"அந்த வழக்கம்தான் தப்பு. பழைய அறிக்கை எல்லாமே தப்புன்னு மாசுத் தடுப்பு அலுவலகத்துக்கு எழுதப்போறேன்."

அவர் கோபப்படவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, அனுதாபத்தோடு பேசினார். "எழுதும்மா. நல்லா எழுது. அறிக்கைல இருக்கிறது உன் கையெழுத்து. குழாய் போட்ட வேலைச்சீட்டுல இருக்கிறது உன் வீட்டுக்காரர் கையெழுத்து. என் கையெழுத்து எங்கேயாவது இருக்கான்னு தேடிப் பாத்துட்டு அப்புறமா எழுது."

அவள் தேடினாள். மதியம் முழுக்கக் கோப்புகளைப் புரட்டினாள். இல்லை. வாயால் சொன்னவன் சுத்தம். கையால் செய்தவர்கள் குற்றவாளிகள். இப்படி ஏற்பாடு செய்துகொள்ளத் தெரிந்தவர்களைத்தான் நிர்வாகி என்கிறார்கள்.

எழுதாமல் விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆற்றுக்கு மட்டும் ஆகும். அதற்கு வாய் இல்லை. எழுதினால் வேலை இரண்டும் போகும். வழக்கு வரும். மேனேஜர் பெயரைச் சாட்சி இல்லாமல் சொல்ல வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே மறுப்பார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று பக்கம். எந்தத் தேதியிலிருந்து எந்த அறிக்கைகள் தவறு, எத்தனை மடங்கு தவறு, இணைப்பு எங்கே மறைந்திருக்கிறது, யார் உத்தரவிட்டதாகத் தனக்குச் சொல்லப்பட்டது, எல்லாம். குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் குற்றம் என்றும் எழுதினாள். மீன் காட்சிசாலைச் சுவரிலிருந்து அந்தக் காகிதத்தை இறக்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம்.

கணவன் எதிரே வந்து நின்றான். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கடிதத்தை எடுத்துப் படித்தான். இரண்டாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது. 'மேற்படி குழாயைப் பொருத்தியவர் என் கணவர்.'

"அனுப்பு. நான் வேண்டாங்கல" என்றான். "கேட்டா மேனேஜர் சொன்னதையும் நானே வந்து சொல்றேன். ஆனா இந்த இடத்துல கணவர்னு போடாத. ஃபிட்டர்னு போடு. அது போதுமே."

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"ஃபிட்டர் போட்ட குழாயா இருந்தா, பைப் எங்கிருந்து வருதுன்னு நான் அன்னைக்கே போய்ப் பாத்திருப்பேன்."