என் பெயர் வெட்டிய டம்ளர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தொடங்கியவன். இன்று என் லாரிகள் வராமல் அங்கே ஒரு கப்பல் கிளம்பாது என்று எங்கும் சொல்வேன். இல்லையென்று மறுத்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னை ஒரு டம்ளர் கவிழ்த்தது.

பேத்தியின் காதுகுத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொடுத்தேன். மறுவாரம் மாநகராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றேன். சின்னப் பட்டியலில் டம்ளர் படத்தைக் கண்டதும் அதையே கேட்டு வாங்கினேன். வார்டு முழுக்க வீட்டுக்கு வீடு இருக்கிற சின்னம்! படித்தவனுக்கு இந்தப் புத்தி வருமா?

எதிர்த்து நின்ற மளிகைக்கடைக்காரருக்கு வேறு புத்தி வந்தது. சின்னத்தையே ஓட்டுக்குப் பரிசாகக் கொடுத்தேன் என்று புகார் எழுதினார். விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

"ஜெயிச்சாலும் கோர்ட்டுல செல்லாதுன்னு சொல்லிருவாவ. பொறவு பல வருசம் நிக்கவே முடியாது," என்றார் வக்கீல். "எல்லாம் அறிவிப்புக்கு முந்திக் குடுத்ததுதான அண்ணாச்சி?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "விசேஷத்துக்கு வராதவங்க வீட்டுக்கு நீங்கதான கொண்டு குடுத்திய?"

வராதவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். வேட்புமனு கொடுத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக, கையில் டம்ளரோடு ஏழு வீடு ஏறியிருந்தேன்.

"ஏளா, வாய மூடு."

"நான் மூடிக்கிடுதேன். ஏழு வீட்டுக்காரி வாய யாரு மூடுவா?"

விசாரணை நாள்வரை சோறு இறங்கவில்லை. எதைக் கேட்டாலும் 'அறிவிப்புக்கு முந்தி' என்ற ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அதிகாரி என் மகள் வயதுப் பெண். நல்லபடியாகத்தான் பேசினாள். கடைசியாகக் கேட்டாள்: "வராதவங்களுக்கு வேலையாள் யாரையாவது விட்டுக் குடுத்தனுப்புனீங்களா ஐயா?"

வேலையாளா? எனக்குச் சுருக்கென்றது.

"என் வீட்டு விசேஷத்துக்கு ஆள் விட்டு அனுப்புவனா? ஏழு வீட்டுக்கும் நானேதான் போனேன்."

அவள் நிமிர்ந்தாள். "என்னைக்கு ஐயா?"

அதற்கப்புறம் பொய் சொல்ல வாய் வரவில்லை. வேட்புமனு கொடுத்த அன்றைக்கு என்றேன். எழுதியதை வாசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் சொன்னது ஒன்றுகூட விடாமல் இருந்தது. போட்டேன்.

தேர்தலில் ஜெயிக்கத்தான் செய்தேன். மளிகைக்காரர் அந்தத் தாளின் நகலோடு கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வந்தபோது நான் கவுன்சிலரும் இல்லை, இனி வேட்பாளரும் இல்லை.