நூல் தெரியுது

கீழ்க்கட்டளையில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது பஸ் சிநேகிதன் குமார் போன் செய்தான். "இன்னாப்பா, எங்க கீற? நம்ம ஸ்டெல்லா அக்கா பூட்டாங்கப்பா" என்றான். கடைக்காரர் "போதுமா சார், போதுமா சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் எங்கள் கம்பெனி பஸ் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளும் வெள்ளைப் பூக்களும் வரிசையாக வந்து விழுந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. பூப் போட்டவர்களில் பாதிப் பேர் அக்கா வீட்டு பஜ்ஜியைத் தின்றவர்கள். இன்றுவரை ஒருவருக்காவது அவரைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே! சரி, நானே எழுதுகிறேன்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அக்காவுக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நானும் அவரும் இரும்புலியூரில் ஒரே பஸ் ஏறுவோம். "வாரம் பூரா குறை கண்டுபிடிச்சே கண்ணு வலிக்குது முரளி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, குறையோடவே ஒரு படம் பார்ப்போம்" என்று கூப்பிட்டார். அப்படித்தான் அந்தக் கூட்டம் ஆரம்பித்தது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சர்ச் முடிந்து, சாப்பிட்டு, மத்தியானத்தில் அவர் வீட்டு ஹாலில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்கள். எல்லாம் ஒரே கதை. வேற்று கிரகத்துக்காரன் பூமியைப் பிடிக்க வருவான். பறக்கும் தட்டு என்பது நிஜமாகவே சாப்பாட்டுத் தட்டுதான், நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வந்து இறங்குகிறவன் போட்டிருக்கும் ரப்பர் உடுப்பு முட்டியில் சுருங்கும்.

அந்த நூலை வைத்துத்தான் எங்கள் விளையாட்டு. தட்டு ஆடும்போது நூல் கண்ணில் பட்டதும் "நூல் தெரியுது!" என்று கத்த வேண்டும். முதலில் கத்தியவர் உள்ளங்கையை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் தன் பஜ்ஜியைப் பேசாமல் அதில் வைத்துவிட வேண்டும். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தவன் பஜ்ஜி தின்றதாகச் சரித்திரமே இல்லை. அவர் கணவர் சாமுவேல் அண்ணனுக்கு இந்தப் படங்கள் ஆகாது. அடுப்படியில் வாழைக்காயைச் சீவிப் போட்டுக்கொண்டே, "என்னம்மா, இன்னிக்காவது பூமி தப்பிக்குமா?" என்று அங்கிருந்தே கேட்பார். ஹாலுக்கு வரமாட்டார்.

ஒருநாள் நான் எரிச்சலில், "நல்ல படமே இல்லையா அக்கா? இதைப் போய்ப் பார்க்கிறோமே" என்றேன். அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூதத்தைக் காட்ட படம் எடுத்தவன்கிட்ட காசு இல்ல. அதனால பயந்தவன் மூஞ்சியையே காட்டுறான். அது நமக்குத் தெரிஞ்ச மூஞ்சி. அதான் பழசாக மாட்டேங்குது" என்றார். நூல் தெரிந்தால் பயம் போய்விடாதா என்றேன். "அட போப்பா! நூல் இருக்குன்னா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஒரு மனுஷன் நிக்கிறான்னு அர்த்தம். நம்ம பயப்படணும்னு கை வலிக்கப் பிடிச்சிருக்கான். தெரிஞ்சும் நம்பிட்டுப் போ!" என்றார். அந்த நேரம் பார்த்து பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். பிறகு அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஆள் மாறும் கதைகள். வேற்று கிரகத்துக்காரன் வந்து ஊரில் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டே வருவான். முகம் அதே முகம், உள்ளே வேறு ஆள். "இவர் என் வீட்டுக்காரர் இல்லை" என்று ஒருத்தி அழுவாள். ஊரே அவளைப் பைத்தியம் என்று சொல்லும். அக்கா எப்போதும் அவள் கட்சி. "முதல்ல சொல்றவளை யாரும் நம்பமாட்டாங்க. ஆனா அவதான் கரெக்ட்" என்பார். நாங்கள் கைதட்டுவோம்.

இரண்டு வருடம் முன்னால் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள். ஒருநாள் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார். "முரளி, கிச்சன்ல நிக்கிறாரே, அவர் சாமுவேல் இல்ல. மூஞ்சி அவரோடதுதான். ஆள் வேற. நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாங்க." இந்த நோயில் இப்படியும் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் ஆச்சா? படத்தில் அவளுக்காகக் கைதட்டிய எனக்கு, நேரில் அக்காவிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அண்ணன் கேட்டுவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் உறவுக்காரர் ஒருவர், "கண்ட பிசாசுப் படத்தையும் பார்த்தா புத்தி இப்படித்தான் போகும்" என்றார். "நீங்க ஒரு படமும் பார்க்கலையே, உங்க புத்தி ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டேன். குமார் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். கேட்டதற்கு இன்றும் வருத்தமில்லை.

எல்லோரும் போன பிறகு சாமுவேல் அண்ணன் என்னை ஹாலில் உட்காரவைத்தார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் யாருன்னு தெரிஞ்சு போனாளா, இல்ல எவனோ ஒருத்தன் கையால கஞ்சி குடிச்சோம்னு நினைச்சுக்கிட்டே போனாளா? முந்தாநாள் என்னையே உத்துப் பார்த்தா. 'நூல் தெரியுது'ன்னா. என் சட்டையைப் பார்த்தேன், ஒரு நூலும் பிரியல. நூல் தெரியுதுன்னா பொய்னுதானே அர்த்தம்? நான் பொய்னுதானே சொல்லிட்டுப் போயிருக்கா?"

"சொல்லிட்டு என்ன செஞ்சாங்க அண்ணா?"

"கையை நீட்டினா. தண்ணி கேக்கறான்னு டம்ளரை வெச்சேன். தள்ளிவிட்டுட்டா. மறுபடியும் நீட்டினா."

அடுப்படியிலேயே நின்றவருக்கு எங்கள் சத்தம் தெரியும், விளையாட்டு தெரியாது. சொன்னேன். முதலில் கண்டவர் கையை நீட்டுவதை, பக்கத்தில் இருப்பவர் பஜ்ஜி வைப்பதை, எல்லாம் சொன்னேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "பஜ்ஜியா கேட்டா? நான் தண்ணி குடுத்தேனேப்பா" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்: தெரிஞ்சும் நம்பிட்டுப் போ. அன்று அது எனக்கு உடனே தேவைப்பட்டது. ஏனென்றால் அண்ணன் நிமிர்ந்து, "அப்போ நான்தான்னு தெரிஞ்சுதான் கேட்டாளா?" என்றார்.

"ஆமாண்ணா. தெரிஞ்சுதான் கேட்டாங்க" என்றேன்.

அந்தப் பதிலில் நூல் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.